கையில் 60,000 இருக்கிறது, டிராப்ஷிப்பிங் தொடங்கலாமா? (பெங்களூர்)

ஸ்ரீராமபுரம்_பையன் | திங்கள், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக இங்கே படிப்பதோடு நிறுத்திக்கொண்டேன், இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன். ஸ்ரீராமபுரத்தில் வீடு, மான்யதா டெக் பார்க் பக்கம் நைட் ஷிப்ட் வேலை. ரெண்டு வருடத்தில் சேர்த்தது 60,000 ரூபாய்.

ஷாப்பிஃபையில் (ஆன்லைன் கடை அமைத்துத் தரும் தளம்) ஒரு கடை போட்டு டிராப்ஷிப்பிங் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பைக்கில் மாட்டும் போன் ஹோல்டர், எல்இடி பட்டை விளக்கு, கழுத்து மசாஜர், இந்த மூன்றும் மனதில் இருக்கின்றன. ஆர்டர் வந்தால் சப்ளையருக்கு அனுப்பிவிட வேண்டும், அவரே பேக் செய்து கூரியர் போட்டுவிடுவார், நடுவில் இருக்கும் லாபம் நமக்கு. இவ்வளவுதானே? ஒருவர் 14,999 ரூபாய்க்கு கோர்ஸ் நடத்துகிறார். முதல் மாதமே லட்சம் பார்க்கலாம் என்கிறார். சேரலாமா? ஜிஎஸ்டி உடனே எடுக்க வேண்டுமா? சீனாவிலிருந்து நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்ப வழி உண்டா? எத்தனை ஆர்டர் வந்தால் வேலையை விடலாம்?

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வேடிக்கை_பார்ப்பவன் | திங்கள், இரவு 11.52

சரக்கு வைக்காமல், பேக் செய்யாமல், கூரியர் போடாமல் 14,999 ரூபாய்க்கு விற்க முடிகிற ஒரே பொருள் அந்த கோர்ஸ்தான். டிராப்ஷிப்பிங் என்றால் என்ன என்று அந்த மனிதருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

வயிற்றெரிச்சல்_77 | செவ்வாய், காலை 7.15

நீங்கள் சொன்ன அதே கழுத்து மசாஜர். அதே மாதிரி ஒரு கோர்ஸ். எனக்குப் போனது 1,80,000.

முதல் வாரமே 90 ஆர்டர். மனைவியிடம் காட்டி ஆடாத குறை. சப்ளையர் ஒரு வாட்ஸ்அப் நம்பர், அவ்வளவுதான். முகம் தெரியாது, கடை தெரியாது. மூன்றாவது வாரம் பார்சல்கள் திரும்ப ஆரம்பித்தன. வாங்கியவர்களிலும் பாதிப் பேர் "சார்ஜ் ஏறவில்லை" என்று போன் போட்டார்கள். சப்ளையர் முதலில் "பார்க்கிறேன் சார்" என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஒரு அம்மா 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுத்துவிட்டார். நியாயம் அவர் பக்கம்தான், காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள். லாபமோ நட்டமோ அது கடைசியில் தெரிவது. அதற்கு முன்பே பணம் சிக்கிக்கொள்ளும். விளம்பரக் காசு இன்று போகும், சப்ளையருக்கும் கூரியருக்கும் இன்றே கொடுக்க வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி பணமோ பார்சல் போய்ச் சேர நாலு நாள், அதன் பிறகு கூரியர்காரர் நம் கணக்கில் போட எட்டு நாள் என்று பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வரும். ஒரு ஆர்டருக்கு 575 ரூபாய் முன்னால் இறக்குவதாக வையுங்கள். நாளுக்குப் பத்து ஆர்டர் என்றால் 5,750. பன்னிரண்டு நாளுக்கு 69,000. உங்கள் 60,000 பதினோராவது நாளே காலி. கடை நன்றாக ஓடினால்தான் இந்த ஆபத்து என்பதுதான் இதில் வேடிக்கை. நான் அந்த நேரத்தில் கிரெடிட் கார்டை எடுத்தேன். அதோடு முடிந்தது.

பானஸ்வாடி வீட்டு பரணில் இன்னும் 46 மசாஜர் இருக்கிறது. அதில் ஒன்றை என் மாமியார் எடுத்து வைத்திருக்கிறார். அதுவும் மிக்ஸி மாதிரி சத்தம் போடும்.

மர்ஃபிடவுன்_அக்கா | செவ்வாய், பகல் 1.05

தம்பி, பயமுறுத்த வரவில்லை. நாலு வருடமாக வீட்டிலிருந்தே கடை நடத்துகிறேன். பித்தளை டவரா செட், காபி ஃபில்டர், தோசைக்கல், இடியாப்ப அச்சு. அதில் பாதி இன்னமும் டிராப்ஷிப்பிங்தான். ஆகவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "நடுவில் இருக்கும் லாபம் நமக்கு" என்று எழுதியிருக்கிறாயே, அந்த நடுவில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார்.

போன் ஹோல்டரையே எடுத்துக்கொள்வோம். நம்மூர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு எஸ்.பி. ரோட்டில் பில்லோடு 280 ரூபாய்க்கு வருகிறது, நீ 799க்கு விற்கிறாய். 519 லாபம் என்று நோட்டில் எழுதியிருப்பாய். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

நூறு ஆர்டர் வருகிறது, எல்லாமே கேஷ் ஆன் டெலிவரி. ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரத்துக்கு 220 வீதம் 22,000. நூறு பார்சலையும் அனுப்ப 75 வீதம் 7,500. நூறில் முப்பது திரும்பி வரும். கதவு பூட்டியிருக்கும், காசு இருக்காது, "நான் ஆர்டரே போடவில்லை" என்பார்கள், "பையன் தெரியாமல் அமுக்கிவிட்டான்" என்பார்கள். திரும்பி வருவதற்கும் கூரியர் காசு உண்டு, 65 வீதம் 1,950. வாங்கிய எழுபது பேரிடம் பணம் வசூலித்துத் தர 30 வீதம் 2,100. எழுபது ஹோல்டரின் அசல் 19,600.

வந்த பணம் 55,930. மேலே சொன்னதெல்லாம் போனால் 2,780. விற்பனை மீது 18 சதவீத ஜிஎஸ்டி 8,500 சொச்சம். கொள்முதல், கூரியர், விளம்பரம் மூன்றிலும் நீ ஏற்கெனவே கட்டிய 8,100ஐக் கழித்தால் இன்னும் 420 கட்ட வேண்டும். மீதி 2,360. திரும்பி வந்த முப்பதில் எட்டு அடிபட்டிருக்கிறது, சப்ளையர் எடுக்க மாட்டேன் என்கிறார். அது 2,240.

நூறு ஆர்டருக்கு உன் லாபம் 120 ரூபாய். ரெண்டு பேர் மசால் தோசை சாப்பிட்டால் சரியாகிவிடும்.

இப்போது முப்பதை மட்டும் பதினைந்தாகக் குறை, வேறு எதையும் தொடாதே. அடிபட்டது நாலு என்று வைத்தாலும் எட்டாயிரத்துச் சொச்சம் நிற்கும். பொருளும் அதேதான், விளம்பரமும் அதேதான், விலையும் அதேதான். அதனால்தான் "எந்தப் பொருள் ஓடும்" என்று யாராவது கேட்டால் எனக்கு அலுப்பாக இருக்கும். ஆர்டிஓ எத்தனை என்று கேட்டால் உட்கார்ந்து பேசுவேன்.

வேடிக்கை_பார்ப்பவன் | செவ்வாய், பகல் 1.20

புதியவர்களுக்காக: அக்கா சொல்கிற ஆர்டிஓ வண்டி பதிவு செய்கிற ஆபீஸ் இல்லை. பார்சல் போன வழியே திரும்பி வருவது. ஆனால் ரெண்டு இடத்திலும் அலைச்சல் ஒன்றுதான்.

கணக்கு_நோட்டு | செவ்வாய், இரவு 9.30

நான் வரி ஆலோசகர், ஜயநகர். அக்கா போட்ட கணக்கைச் சரிபார்த்தேன். அடிபட்டு வீணான எட்டு பீஸுக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது, அவரும் கழிக்கவில்லை. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். "40 லட்சம் வரை வேண்டாம்" என்று வீடியோக்களில் சொல்வது பாதி உண்மை. பொருள் விற்கிறவருக்குக் கர்நாடகத்தில் வரம்பு 40 லட்சம்தான். ஆனால் வேறு மாநிலத்துக்கு ஒரே ஒரு பொருள் விற்றாலும் பதிவு கட்டாயம் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவு. அத்திப்பள்ளி வரை உங்களுக்குத் தொல்லை இல்லை, தாண்டி ஓசூருக்கு ஒரு ஹோல்டர் போனால் ஜிஎஸ்டி நம்பர் வேண்டும். சொந்த மாநிலத்துக்குள் மட்டும், பெரிய சந்தைத் தளங்கள் வழியாக விற்கிற சிறு வியாபாரிக்கு 2023 அக்டோபர் 1 முதல் பதிவு வேண்டாம் என்று ஒரு சலுகை உண்டு. உங்கள் திட்டத்துக்கு அது பொருந்தாது, தமிழ்நாட்டுக்கு விற்காமல் நீங்கள் இருக்கப் போவதில்லை.

பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தம், பெஸ்காம் கரண்ட் பில், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். பெங்களூரில் கஷ்டமே அந்தக் கடிதம்தான். "வீட்டில் கடை வைக்கிறாயா, கமர்ஷியல் ரேட் போட்டுவிடுவார்கள்" என்று ஓனர் பதறுவார். பேசித்தான் வாங்க வேண்டும். நம்பர் வந்த பிறகு, விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் (ஜிஎஸ்டி கணக்கு) போட வேண்டும். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்து மறந்தால் 50.

2025 ஜூலையில் இங்கே பேக்கரிக்கும் காண்டிமென்ட்ஸ் கடைக்கும் யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது நினைவிருக்கும். பாதிக் கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். ஆன்லைன் கடைக்கு அந்த வசதியும் கிடையாது, ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாகத்தான் வரும்.

சீனா விஷயம். 5,000 ரூபாய்க்குள் இருந்தால் பரிசுப் பொருள் என்று போட்டு வரியில்லாமல் வரவழைப்பது 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. சீனத் தளமான அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இங்கே தடையானது. அமெரிக்காவில் உட்கார்ந்து போட்ட பழைய வீடியோவைப் பார்த்து இங்கே கடை போடாதீர்கள்.

கெங்கேரி_அம்மு | புதன், காலை 10.10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் குழந்தை பொம்மைகள் விற்கலாம் என்று இருக்கிறேன். டெல்லி சதர் பஜாரிலிருந்து ஒருவர் அனுப்புகிறேன் என்கிறார். இதற்கும் ஏதாவது சட்டம் இருக்கிறதா?

கணக்கு_நோட்டு | புதன், காலை 10.45

இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். விற்கிறவர் மீதும் நடவடிக்கை வரும், "நான் நடுவில்தான் இருக்கிறேன்" என்றால் கேட்க மாட்டார்கள். முத்திரை இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள்.

கெங்கேரியில் இருந்துகொண்டு டெல்லிக்கு ஏன் போகிறீர்கள்? அதே மைசூர் ரோட்டில் போனால் சென்னபட்டணம். புவிசார் குறியீடு பெற்ற மரப்பொம்மை, வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுவது. கைவினை ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்களுக்கு அந்த முத்திரை விதியிலிருந்து விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். பதிவு அட்டையைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஸ்ரீராமபுரம் தம்பிக்கும் இதே எச்சரிக்கை. எல்இடி, பேட்டரி, சார்ஜர் எது என்றாலும் முதலில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தளத்தில் விலை, எந்த நாட்டில் செய்தது, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர் எல்லாம் போட வேண்டும். புகார் அதிகாரி என்று ஒருவர் பெயரும் வேண்டும், அது நீங்களே. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. 2020 இ-காமர்ஸ் விதி இது.

லட்சாதிபதி_ஆகலாம் | புதன், பகல் 2.00

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டறுத்துநர் | புதன், பகல் 2.06

கோர்ஸ் இணைப்பு, டெலிகிராம் குழு, "ஜெயிக்கும் பொருள்கள் பட்டியல்" எதையும் இங்கே போட வேண்டாம். இது மூன்றாவது முறை.

பேட்டை_வியாபாரி | புதன், இரவு 10.20

நான் மறுபக்கத்து ஆள். சிக்பேட்டையில் எங்கள் தாத்தா காலத்துக் கடை, மொத்த வியாபாரம். நீங்கள் எல்லோரும் "சப்ளையர்" "சப்ளையர்" என்கிறீர்களே, அந்தச் சப்ளையர் என்ன நினைக்கிறான் என்று சொல்கிறேன்.

வாரத்தில் நாலு பேர் வருவார்கள், கையில் லேப்டாப் பை. "அண்ணா, நான் ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன், ஆர்டர் வர வர ஒவ்வொன்றாக அனுப்புவீர்களா?" என்பார்கள். எனக்கு ஒரு மூட்டை கட்டி தும்கூருக்கு லாரியில் போட ஆகிற நேரம்தான் உங்கள் ஒற்றை பீஸைப் பெட்டியில் வைத்து, காற்றுப்பை சுற்றி, லேபிள் ஒட்டி முடிக்கவும் ஆகும். மூட்டையில் எனக்கு நாலாயிரம் நிற்கும். உங்கள் பீஸில் இருபது ரூபாய். நான் ஏன் செய்ய வேண்டும்? செய்ய மாட்டேன். மூஞ்சிக்கு நேராகச் சொல்ல மனம் வராமல் "பார்க்கலாம்" என்பேன். அந்தப் பார்க்கலாமை நம்பி நீங்கள் விளம்பரம் ஓட்டுவீர்கள். சரக்கு தீர்ந்தால் சொல்ல மாட்டேன், நீலம் இல்லை என்றால் பையன் பச்சையைப் போட்டு அனுப்பிவிடுவான். கெட்ட எண்ணம் இல்லை, பீக் அவரில் யார் யோசிப்பது.

ஆனால் ரெண்டு பேருக்கு மட்டும் செய்கிறேன். ஒரு பையன் ஆறு மாதம் தினமும் சாயந்திரம் வந்து அவனே உட்கார்ந்து பேக் செய்தான். எங்கள் கடை டேப், எங்கள் கடை டீ, அவன் லேபிள். இன்னொரு அம்மா பாக்கி வைத்ததே இல்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கணக்கு முடித்துவிடுவார். (அக்கா, உங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தால் தப்பில்லை.)

இந்த ஊரில் இது புதுசும் இல்லை. ஃபிளிப்கார்ட் 2007இல் தொடங்கியபோது கோடவுனா வைத்திருந்தார்கள்? புத்தகம் மட்டும் விற்றார்கள். ஆர்டர் வந்த பிறகு தேடிப்பிடித்து வாங்கி அனுப்புவது, புத்தகக் கடை வாசலில் நின்று வருகிறவர்களுக்கு புக்மார்க் கொடுப்பது, இப்படித்தான் ஆரம்பம்.

தம்பி ஸ்ரீராமபுரத்தில்தானே இருக்கிறாய்? பச்சை லைனில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் சிக்பேட்டை. இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடந்து போ. ஞாயிறு வேண்டாம், பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். காலை பதினொன்றுக்கு முன் போ, போணி நேரத்தில் விலை பேசாதே. ஒரு பீஸ் வாங்கு, காசு கொடு. அடுத்த வாரம் ரெண்டு வாங்கு. "பில்லா, பில் இல்லாமலா" என்று கேட்பார்கள், பில் இல்லாமல் நாற்பது ரூபாய் குறையும், ஆசைப்படாதே. பில் இல்லாத பொருளைத் திருப்பிக் கொண்டுபோனால் உன்னை யாருக்கும் தெரியாது.

கரோல்பாக்_தமிழன் | வியாழன், காலை 8.40

டெல்லியிலிருந்து. எனக்கு இந்தச் சொந்தத் தளம் என்கிற ஆசையே புரியவில்லை. மீஷோவில் போடுங்கள், கமிஷன் இல்லை, விளம்பரச் செலவும் பெரிதாக இல்லை, கூரியரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 60,000 வைத்திருப்பவர் 22,000ஐ விளம்பரத்துக்குக் கொடுப்பது எனக்கு விஷப்பரீட்சையாகத்தான் படுகிறது.

மர்ஃபிடவுன்_அக்கா | வியாழன், பகல் 12.30

பாதி ஒத்துக்கொள்கிறேன். பழகுவதற்கு அது நல்ல இடம்தான். ஆனால் அங்கே அதே ஹோல்டரை முப்பது பேர் போட்டிருப்பார்கள், கடைசியில் விலை 199க்கு வந்து நிற்கும். வாங்கியவர் யார் என்பதும் நமக்குச் சொந்தமில்லை. என் கடையில் டவரா செட் வாங்கியவர் மூன்று மாதத்தில் ஃபில்டர் வாங்குவார், வரலட்சுமி நோன்பு சமயத்தில் குத்துவிளக்கு கேட்பார். வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டால் போதும், அந்த ஆர்டருக்கு விளம்பரச் செலவு பூஜ்யம். போன மாதம் வந்த ஆர்டரில் பாதிக்கு மேல் இப்படிப் பழைய ஆட்கள். நாலு வருடம் தாக்குப்பிடித்தது அதனால்தான். போன் ஹோல்டரில் இருக்கிற குறையும் இதுதான் தம்பி, ஒருவர் ஒரு தடவை வாங்குவார், அது உடைந்தால் திட்டுவதற்குத்தான் மறுபடி வருவார்.

இன்னொன்று, பெரிய தளங்களில் வேறொரு கடையில் வாங்கி அந்தக் கடை பில்லோடே வாடிக்கையாளருக்கு அனுப்பினால் கணக்கை மூடிவிடுவார்கள். அமேசானில் இது எழுதிவைத்த விதி. பில்லிலும் பெட்டியிலும் உன் பெயர்தான் இருக்க வேண்டும்.

ஸ்ரீராமபுரம்_பையன் | சனி, இரவு 8.15

கோர்ஸில் சேரவில்லை. மசாஜரையும் எல்இடியையும் விட்டுவிட்டேன். இன்று ஷிப்ட் முடித்து அப்படியே எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். மூன்று கடையில் மூன்று ஹோல்டர் வாங்கினேன், பில்லோடு. ஒவ்வொன்றாக என் ஸ்ப்ளெண்டரில் மாட்டி பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு விட்டேன். முதல் ஹோல்டர் டின் ஃபேக்டரி வரும் முன்பே திருகு கழன்று ஆட ஆரம்பித்தது. ரெண்டாவது பிடிமானம் பரவாயில்லை, ஆனால் போனின் பக்கவாட்டு பட்டனை அமுக்கி அமுக்கி ஆஃப் செய்துவிட்டது. மூன்றாவது நின்றது. அதை விற்ற கடையில் வயதான பாய் ஒருவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார், ஆம்பூர்ப் பக்கமாம். ஒற்றை பீஸ் அனுப்புவீர்களா என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "ஆன்லைன்ல சூதாட்டமா" என்றுதான் முதலில் கேட்டார்.

வயிற்றெரிச்சல்_77 | சனி, இரவு 8.40

முதல் இரண்டு ஹோல்டரை நான் வாங்காமலேயே விற்றிருப்பேன். நல்ல வேலை செய்தீர்கள்.

மர்ஃபிடவுன்_அக்கா | ஞாயிறு, மாலை 5.50

அடுத்து, அந்த முப்பதைக் குறைப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்டர் வந்த அன்றே போன் போடு. தானாகப் பேசும் குரல் வைக்காதே, நீயே பேசு. பெங்களூர்க்காரனுக்கு ஒரு வரம் உண்டு, தமிழ், கன்னடம், தெலுங்கு, ஹிந்தி நாலிலும் எப்படியோ பிழைத்துக்கொள்வோம். மண்டியாக்காரரிடம் கன்னடத்தில் "நாளித்து பருத்தே" (நாளை மறுநாள் வரும்) என்று சொன்னால் காசு எடுத்து வைத்திருப்பார். போன் எடுக்காதவருக்கு அனுப்பவே அனுப்பாதே. முகவரியில் கதவு எண் இல்லாமல் "மாரியம்மன் கோயில் பக்கம்" என்று இருந்தால் எந்த ஊர் மாரியம்மன் என்று கேள். யுபிஐயில் முன்பே கட்டினால் 50 ரூபாய் குறைத்துக்கொடு. பெரிய ஆர்டர் என்றால் 99 ரூபாய் முன்பணம் வாங்கு. 99 கொடுக்க யோசிக்கிறவர் வாசலில் 799 கொடுக்க மாட்டார்.

கூரியர் ஆள் வராமலேயே "வீட்டில் ஆள் இல்லை" என்று போட்டுவிடுவதும் நடக்கும். தினமும் காலையில் அந்தப் பட்டியலைப் பார்த்து அதே நிமிடம் வாடிக்கையாளருக்குப் போன். நான் காபி போடும்போது செய்கிற வேலை இது.

பெட்டி அளவிலும் கவனம் வை. கூரியரில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். 30க்கு 25க்கு 20 பெட்டி என்றால் உள்ளே காற்று இருந்தாலும் மூன்று கிலோ. முதல் வருடம் டவரா செட்டை அழகான பெரிய பெட்டியில் போட்டு நான் தொலைத்த காசுக்கு ஒரு வளையல் வாங்கியிருக்கலாம்.

பேட்டை_வியாபாரி | ஞாயிறு, இரவு 9.00

வளையல் கணக்கு எல்லா வீட்டிலும் இருக்கிறது.

ஸ்ரீராமபுரம்_பையன் | பத்து வாரம் கழித்து, வெள்ளி, மாலை 6.40

இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும். கேட்டு வாங்கிக்கொண்டு கணக்குச் சொல்லாமல் போவது சரியில்லை.

ஜிஎஸ்டி எடுத்தேன். ஓனர் கடிதம் கொடுக்கப் பதினெட்டு நாள். இத்தனைக்கும் அவர் மகனும் ஆன்லைனில் ஏதோ விற்கிறாராம். பேமென்ட் கேட்வே (தளத்தில் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) முதல் தடவை நிராகரித்தது. திருப்பிக் கொடுக்கும் விதி, அனுப்பும் விதி, தொடர்பு முகவரி எதுவுமே தளத்தில் போடவில்லை, போட்ட பிறகு ரெண்டு நாளில் கிடைத்தது.

விளம்பரத்துக்கு முதலில் இணையத்தில் கிடைத்த வெளிநாட்டு வீடியோவை ஓட்டினேன். 3,000 ரூபாய் போய் ரெண்டே ஆர்டர். அப்புறம் நண்பனைப் பின்னால் உட்காரவைத்து, ராமமூர்த்தி நகர் பக்கம் ஒரு குழி விடாமல் வண்டியை இறக்கி, போன் விழாமல் நிற்பதை எடுத்தோம். நான் "அய்யோ" என்று கத்துவதும் அதில் இருக்கிறது, வெட்டவில்லை. அதுதான் ஓடியது. ஆர்டருக்கு 150 வரை இறங்கியது. கீழே கருத்துகளில் பாதி என்னைப் பற்றி இல்லை, ரோட்டைப் பற்றித்தான்.

மொத்தம் 64 ஆர்டர் அனுப்பினேன். 9 திரும்பியது. போன் எடுக்காத 21 பேருக்கு அனுப்பவே இல்லை. கோர்ஸ்காரர் கணக்கில் அதுவும் "ஆர்டர்"தான். எல்லாம் போக, தளத்துச் சந்தாவும் போக, 4,300 நிற்கிறது. பத்து வாரத்துக்கு. வேலையை விடுவது பற்றி இனி கேட்க மாட்டேன்.

பாய் ஒற்றை பீஸ் அனுப்பத் தயார் என்று அவராகவே சொன்னார். ஆனால் நான் இருபது பீஸ் மொத்தமாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன். 245க்குக் கொடுத்தார். திருகு நானே முறுக்கிப் பார்த்து அனுப்புகிறேன். அம்மா பேக் செய்கிறார், என்னைவிட நன்றாக டேப் ஒட்டுகிறார். இப்போது இது டிராப்ஷிப்பிங்கா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

கணக்கு_நோட்டு | வெள்ளி, மாலை 7.00

பெயர் என்னவாக இருந்தாலும் 20ஆம் தேதி ரிட்டர்ன் உண்டு. பாய் போட்ட பில் உங்கள் 2பியில் (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) வந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? அவர் தாக்கல் செய்யாவிட்டால் அந்த வரியை நீங்கள் கழிக்க முடியாது.

ஸ்ரீராமபுரம்_பையன் | வெள்ளி, மாலை 7.08

பார்த்தேன், ஒரு பில் வரவில்லை. நாளைக்குப் போய்க் கேட்கிறேன். இப்படி நேரில் போய்க் கேட்க முடிவதே பெரிய விஷயம் என்று வயிற்றெரிச்சல் அண்ணனுக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

வயிற்றெரிச்சல்_77 | வெள்ளி, மாலை 7.15

நாளை நானும் வரட்டுமா? 46 மசாஜரை யாராவது ஸ்பேர் பார்ட்ஸுக்கு எடுப்பார்களா என்று கேட்க வேண்டும். 45 என்று வையுங்கள், மாமியார் தர மாட்டார்.

மர்ஃபிடவுன்_அக்கா | வெள்ளி, மாலை 7.20

64க்கு 9. பரவாயில்லை. நான் முதல் மூன்று மாதத்தில் இதைவிட மோசம். சரி, அன்றைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாயே, சேலத்துக்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு ஹோல்டர் பொருந்துமா என்று. என்ன ஆயிற்று?

ஸ்ரீராமபுரம்_பையன் | வெள்ளி, மாலை 7.26

தெருமுனைத் தண்ணீர்க் கேன் கடைக்காரர் எக்ஸ்எல்லில் மாட்டிப் பார்த்தேன் அக்கா. கைப்பிடிக் குழாய் கொஞ்சம் மெலிசு, உள்ளே ரப்பர் துண்டு வைத்தால் பிடிக்கிறது. துண்டு வெட்டி அதோடே அனுப்பினேன், ரெண்டு செட். நேற்றே டெலிவரி ஆகியிருக்க வேண்டும். கூரியரில் "வீட்டில் ஆள் இல்லை" என்று போட்டிருக்கிறது.

மர்ஃபிடவுன்_அக்கா | வெள்ளி, மாலை 7.28

இங்கே என்ன எழுதிக்கொண்டிருக்கிறாய்? போன் போடு.

ஸ்ரீராமபுரம்_பையன் | வெள்ளி, மாலை 7.41

போட்டேன். நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தாராம், மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டு. யாருமே வரவில்லையாம். நாளைக் காலை பால் ஊற்றிவிட்டு ஒன்பதரைக்கு மேல் இருப்பேன், வண்டிச் சத்தம் கேட்டால் நானே ரோட்டுக்கு வந்துவிடுகிறேன் என்கிறார். கூரியர் ஆபீஸுக்குச் சொல்லிவிட்டேன்.